ராட்டினத்தில் ஏறுமுன் ஒரு கேள்வி!

100 வயதை நெருங்கும் மர ரயில் இன்னும் ஓடுகிறது. புத்தம் புதிய ராட்டினம் உடைந்து ஆளைக் கொல்கிறது. இது எப்படி?

வைகாசி மாதம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை. விடியும் முன்பே தெருக்கள் நிரம்பி விடும். ஏழாம் நாள் தேர்.

பெரியவர்களுக்குப் பெருமாள். பிள்ளைகளுக்கோ ராட்டினம்!

காஞ்சிபுரத்தில் "ராட்டினம்" என்றால் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு முதலில் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். பட்டு நூல் சுற்றும் ராட்டினம். திருவிழா நாட்களில் மட்டும் அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியே வந்து, வானத்தில் சுற்ற ஆரம்பித்து விடுகிறது.

ஒரு நெசவாளர் குடும்பம் திருவிழாக் கடைகளைச் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஆயாவும் வருகிறார். பையனுக்குக் குடை ராட்டினம் பிடிக்கவில்லை. பெரிய ராட்டினத்தைக் காட்டி அழுகிறான். அப்பா பையைத் துழாவிப் பணத்தை எடுக்கிறார்.

அப்போது ஆயா ராட்டினக்காரரைப் பார்த்துக் கேட்கிறார்:

"ஏம்பா தம்பி, இந்த ஆணியெல்லாம் கடைசியா எப்போ பார்த்தே?"

ராட்டினக்காரர் சிரிக்கிறார். "எல்லாம் கெட்டியா இருக்கு ஆயா. தைரியமா ஏறச் சொல்லுங்க!"

பையன் ஏறி விடுகிறான். ஆனால் ஆயாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அவர் கேட்டது, "எப்போது பார்த்தாய்?" என்று. கிடைத்த பதில், "கெட்டியாக இருக்கிறது" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகளின் உயிர் ஊசலாடுகிறது.

ஆயாவின் கேள்வி திருவிழா ராட்டினத்துக்கு மட்டும் உரியது அல்ல. கோடிக்கணக்கான ரூபாய் செலவில் கட்டப்படும் ரோலர் கோஸ்டருக்கும் அதே கேள்விதான். அந்த ரோலர் கோஸ்டரின் கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

பனியில் பிறந்தது

ரோலர் கோஸ்டர் என்பது மலை ஏறி, பள்ளத்தில் பாய்ந்து, வளைந்து நெளிந்து ஓடும் விளையாட்டு ரயில். அதன் பூர்வீகம் ரஷ்யா. சுமார் 300 வருஷங்களுக்கு முன்பே அங்கே குளிர்காலத்தில் மரத்தால் உயரமான சரிவு கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறைய விடுவார்கள். பிறகு சறுக்குப் பலகையில் உட்கார்ந்து மேலிருந்து கீழே பாய்வார்கள்.

பனி இல்லாத பாரிஸ் நகரத்துக்கு இந்த ஆசை தொற்றியது. 1817-ம் ஆண்டில் அங்கே சக்கரம் வைத்த வண்டிகளைச் சரிவில் ஓட விட்டார்கள். அதற்கு "ரஷ்ய மலை" என்று பெயர். பிரெஞ்சிலும் ஸ்பானிஷ் மொழியிலும் இன்றைக்கும் அதே பெயர்தான். ஆனால் ரஷ்யர்கள் அதை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? "அமெரிக்க மலை"! பயங்கரமான பொருளுக்கு யாருமே தன் ஊர்ப் பெயரை வைக்க விரும்பவில்லை போலிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு வழி காட்டியது ஒரு நிலக்கரி ரயில். பென்சில்வேனியா மாநிலத்தில் மாச் சங்க் என்ற ஊரில், 1827-ம் ஆண்டு மலை மேலிருந்து நிலக்கரியைக் கீழே கொண்டு வரத் தண்டவாளம் போட்டார்கள். வண்டிக்கு எஞ்சின் கிடையாது. தன் பாரத்தாலேயே உருண்டு வந்து விடும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள் வேண்டும். ஆகவே அந்தக் கழுதைகளையும் ஒரு வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். சவாரியில் ருசி கண்ட கழுதைகள் அதன் பிறகு மலையிலிருந்து நடந்து இறங்க மறுத்து விட்டனவாம்! கழுதைக்குப் பிடித்தது மனிதனுக்குப் பிடிக்காமல் போகுமா? பின்னாளில் நிலக்கரி போய், உல்லாசப் பயணிகளே அந்த ரயிலுக்குச் சரக்கு ஆனார்கள்.

காலுறை வியாபாரி

அடுத்து வந்தவர் லாமார்க்கஸ் தாம்சன். அவர் செய்து வந்த தொழில், காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் ஒரு ஜவுளிக்காரர்! பெண்கள் அணியும் காலுறைகளைப் பின்னும் தொழிலில் பணம் சம்பாதித்தவர். உடல்நலம் கெட்டது. தொழிலை விட்டார். இளைஞர்கள் மதுக் கடைகளில் காலம் கழிப்பதைப் பார்த்து வருந்திய அவர், அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு வேண்டும் என்று எண்ணினார்.

1884-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரத்துக் கடற்கரையான கோனி தீவில் அவருடைய ரயில் ஓடியது. நீளம் 600 அடி. வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிளில் போகிறவர் அதை முந்தி விடலாம். கட்டணம் 5 காசு. அதாவது 5 சென்ட். ஒரு கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தால் எதிர்க் கோபுரத்தில் போய் நிற்கும். அங்கே இறங்கி, வண்டியைத் திருப்பி வைத்த பிறகு மறுபடியும் ஏறிக்கொள்ள வேண்டும். அதற்கே கூட்டம் அலைமோதியது. போட்ட முதல் சில வாரங்களில் கைக்கு வந்து விட்டது!

அப்புறம் என்ன? ஆளுக்கு ஆள் போட்டி. இன்னும் உயரம், இன்னும் வேகம். 1895-ம் ஆண்டில் அதே கோனி தீவில் ஒருவர் வண்டியைத் தலைகீழாகவே சுற்ற விட்டார். வளையம் சரியான வட்டமாக இருந்ததால், உள்ளே நுழையும்போது கழுத்தில் பெரிய அடி விழுந்தது போல் ஆயிற்று. ஜனங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சில வருஷங்களில் மூடி விட்டார்கள். வட்டமாக இல்லாமல், நீர்த்துளி போல மேலே குறுகிய வளையம் வைத்தால் கழுத்துக்கு ஆபத்து இல்லை என்று கண்டு, அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது 1976-ம் ஆண்டில்தான். நடுவே 80 வருஷம் ஓடி விட்டது.

ஏன் கீழே விழுவதில்லை?

ரோலர் கோஸ்டரில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலானவற்றில் எஞ்சினே கிடையாது! முதல் மேட்டின் உச்சி வரை ஒரு சங்கிலி வண்டியை இழுத்துச் செல்கிறது. அங்கே விட்டு விடுகிறது. அதன்பின் எல்லாம் பூமியின் ஈர்ப்புதான். அந்த உயரம் நெசவாளர் வாங்கும் முன்பணம் போல. வழியெல்லாம் அதைச் செலவு செய்துகொண்டே போக வேண்டும். உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவேதான் சங்கிலி இழுக்கும் இந்த வண்டிகளில், எந்த மேடும் முதல் மேட்டை விட உயரமாக இருப்பதில்லை.

மேலே ஏறும்போது "டக், டக், டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வயிற்றைக் கலக்கும் சத்தம்! ஆனால் அது காவல்காரனின் சத்தம். வண்டியின் அடியில் உள்ள ஒரு கொக்கி, தண்டவாளத்தில் உள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுகிறது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாது. இதற்கு வழி செய்தவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். 1919-ம் ஆண்டில் இன்னொன்றும் செய்தார். தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு சக்கரம் என்பதோடு, அடியிலும் ஒரு சக்கரம் வைத்தார். வண்டி தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொண்டது. இன்று தலைகீழாகத் தொங்கும் பிள்ளை கீழே விழாமல் இருப்பதற்கு அந்த அடிச் சக்கரமும் ஒரு காரணம்.

முதல் கொக்கிகளும் பிரேக்குகளும் வருவதற்கு முன் மனிதனே பிரேக்காக இருந்தான். டென்மார்க் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில், டிவோலி பூங்காவில் 1914-ம் ஆண்டு கட்டிய மர ரயிலில் இன்றைக்கும் ஒரு பிரேக்காரர் வண்டியிலேயே போகிறார். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குக் கைப்பழக்கம். நம் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம். சக்கரத்தடியில் கட்டை போடுகிற அந்தச் சில பேர் கண் அசந்தால் தேர் வீட்டுத் திண்ணைக்குள் ஏறி விடும்!

இரண்டு ரயில்கள்

இனி இரண்டு ரோலர் கோஸ்டர்களின் கதை.

முதலாவது, லண்டன் பாட்டர்சி பூங்காவில் இருந்தது. 1951-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 1972-ம் ஆண்டு மே 30-ந் தேதி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியபோது இழுவைக் கயிற்றின் பிடி விட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னோக்கி உருளாமல் தடுக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. 5 குழந்தைகள் மாண்டார்கள். 13 பேர் காயம் அடைந்தார்கள். அந்த ரயிலுக்கு வயது வெறும் 21. இரண்டு வருஷத்தில் அங்கிருந்த கேளிக்கைத் திடலே மூடப்பட்டது.

இரண்டாவது, நியூயார்க் கோனி தீவில் இருக்கும் "சைக்ளோன்". காலுறை வியாபாரி தாம்சன் முதல் ரயிலை ஓட்டிய அதே கடற்கரை. 1927-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி ஓடத் தொடங்கியது. இரும்புச் சட்டத்தின் மேல் மரத் தண்டவாளம். உயரம் 85 அடி. மணிக்கு 60 மைல் வேகம். முதல் பள்ளம் கிணற்றில் குதிப்பது போல் இருக்கும். அதில் போன ஊமைத் தொழிலாளி ஒருவர் பயத்தில் கத்தினார், பேச்சு திரும்பி விட்டது என்று ஒரு கதை கூட அந்த ஊரில் சொல்கிறார்கள்.

1970-களில் அதற்குக் கெட்ட காலம். ரயிலை இடித்து விட்டு, பக்கத்தில் உள்ள மீன் காட்சிசாலையைப் பெரிதாக்கலாம் என்றார்கள். ஊர் ஜனங்கள் விடவில்லை. "எங்கள் சைக்ளோனைக் காப்பாற்றுங்கள்" என்று கிளம்பி விட்டார்கள். பழுது பார்த்து, 1975-ம் ஆண்டு மறுபடியும் ஓட விட்டார்கள். 1988-ம் ஆண்டு நகர நிர்வாகம் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னம் என்று அறிவித்தது.

சின்னம் என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அல்ல! அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் ரகசியம் குளிர்காலத்தில் இருக்கிறது. பனிக் காலத்தில் பூங்கா மூடியிருக்கும். அப்போது தச்சர்கள் வருவார்கள். பலகை மேல் பலகையாக அடுக்கிய தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். உளுத்த பலகையை எடுத்து விட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். மேலே இரும்புப் பட்டையைப் பொருத்துவார்கள். இந்த வருஷம் ஒரு வளைவு, அடுத்த வருஷம் ஒரு மேடு.

இது காஞ்சிபுரத்துக்குப் புதிய சங்கதி அல்ல. தறியில் பாவு தீர்ந்ததும் நெசவாளி என்ன செய்கிறார்? பழைய பாவின் நுனியில் புதுப் பாவைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார். ஓர் இழையைத் தவற விட்டால் சேலை முழுவதும் அந்தக் கோடு தெரியும். தறி அதே தறி. அதில் ஓடுவது புது நூல்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சைக்ளோன் மேட்டில் ஏறும்போது நின்று விட்டது. ஆட்களைப் பத்திரமாக இறக்கினார்கள். பார்த்தால், சங்கிலியை இழுக்கும் பல் சக்கரத்தில் ஒரு விரிசல்! நகர அதிகாரிகள் உடனே மூட உத்தரவு போட்டார்கள். பள்ளி விடுமுறைக் காலம். வசூல் காலம். ஆனாலும் மூடியது மூடியதுதான். பழுது பார்த்து, அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடியும் ஓடியது. பாட்டர்சியில் 21 வயதில் செத்த ரயிலுக்கும், கோனி தீவில் 97 வயதில் மூடித் திறந்த ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

இதே பென்சில்வேனியாவில், ஆல்டூனா என்ற ஊரில் 1902-ம் ஆண்டு கட்டிய மர ரயில் ஒன்று உண்டு. 41 அடி உயரம்தான். ஓட்டமும் மெதுவான ஓட்டம். 1985-ல் நின்று போய்ச் சிதிலமாகக் கிடந்தது. அதையும் பிரித்துச் செப்பனிட்டு 1999-ம் ஆண்டில் ஓட்டிக் காட்டினார்கள். 14 வருஷம் படுத்துக் கிடந்த ரயில்!

நம் பக்கத்தில்...

ரோலர் கோஸ்டர் ஏதோ அமெரிக்காக்காரர் சமாசாரம் என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் இருந்து விட முடியாது. அது வீட்டு வாசலுக்கே வந்து விட்டது.

டெல்லியில் 1984-ம் ஆண்டு "அப்பு கர்" பூங்கா திறந்தார்கள். 2008-ல் அதை மூடி விட்டார்கள். கல்கத்தா நிக்கோ பூங்காவில் 2003-ம் ஆண்டு ஒரு மர ரயில் கட்டினார்கள். அதன் பெயரும் "சைக்ளோன்"தான். சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையிலும் தாம்பரம் பக்கத்திலும் வரிசையாகப் பூங்காக்கள் வந்தன. அன்று அந்த இடங்களில் பல காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019-ம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரை திருப்போரூரும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

அந்தத் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில்தான் 2025-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அங்கே "தஞ்சோரா" என்று ஒரு ரோலர் கோஸ்டர். தஞ்சாவூரை நினைவூட்டும் பெயர். செய்தவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டு பொலிகர் அண்ட் மபியார் கம்பெனி. இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. ஆட்கள் அதன் அடியில், கால்கள் அந்தரத்தில் ஆட, தொங்கிக்கொண்டு பறப்பார்கள். இந்த வகையை அதே கம்பெனிதான் 1992-ம் ஆண்டு சிகாகோ பக்கத்தில் முதன்முதலாகச் செய்து காட்டியது.

இனி பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். ஒரு நெசவாளர் குடும்பம் நாலு பேராகப் போய் வருவது என்றால் பல நாள் தறிக் கூலி. இருந்தாலும் போவார்கள். பிள்ளைகளுக்காகப் போவார்கள். போகட்டும். சந்தோஷப்படட்டும். ஆனால் ஆயாவின் கேள்வியையும் கையோடு கொண்டு போகட்டும்!

புதுசு உடைந்தது

"புதுப் பூங்கா, வெளிநாட்டு இயந்திரம், என்ன பயம்?" என்று சிலர் சொல்லலாம்.

2016-ம் ஆண்டு மே மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு பூங்காவில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக நிறுவிய ராட்டினம். பொதுமக்களுக்குத் திறக்கும் முன், ஊழியர்களை ஏற்றிச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். உடைந்து சரிந்தது. ஊழியர் ஒருவர் உயிர் இழந்தார். பல பேர் காயம் அடைந்தார்கள். புதிய ராட்டினத்தைச் சோதிக்க மணல் மூட்டைகள் போதுமே! மனிதர்களை ஏற்றலாமா?

2019-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்தது. இரண்டு பேர் மாண்டார்கள். 25 பேருக்கு மேல் காயம். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டெல்லியில் ஒரு ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். அடுத்த மாதமே சென்னை கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் 30 பேருக்கு மேல் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல வேளை, தீயணைப்புப் படையினர் வந்து எல்லாரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

இரும்பு ஏன் உடைகிறது? ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் பத்து முறை வளைத்துப் பாருங்கள். ஒடிந்து விடும். ஒரே முறை வளைத்தபோது ஒடியாத கம்பி, பல முறை வளைத்தால் ஒடிகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். ஒரு நாளில் எத்தனையோ முறை ஓடும் ராட்டினத்தின் ஒவ்வொரு அச்சும் இப்படித்தான் களைத்துப் போகிறது. கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு அரிக்கும்.

இதற்குப் பரிகாரம் பெயிண்ட் அடிப்பது அல்ல. பெயிண்ட் விரிசலை மறைக்கும்! நல்ல பூங்காக்களில் வண்டியைப் பிரித்து, அச்சையும் கொக்கியையும் சுத்தமாகத் துடைத்து, காந்தம் ஏற்றி, அதன்மேல் இரும்புத் தூளைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், தூள் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். விபூதிப் பூச்சில் கீறல் தெரிவது போலத் தெரிந்து விடும். தேய்ந்த சக்கரத்தையும், வயது முடிந்த போல்ட்டையும் உடையும் வரை வைத்திருக்காமல் கணக்குப்படி மாற்றுவார்கள். தினமும் காலையில் ஆள் இல்லாமல் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே கதவைத் திறப்பார்கள்.

இதற்கெல்லாம் பணம் ஆகும். புது ராட்டினம் வாங்கினால் விளம்பரம் செய்யலாம்; படம் போடலாம்; மந்திரியை அழைத்துத் திறக்கலாம். பழைய ராட்டினத்தின் அச்சை மாற்றினால் யாருக்குத் தெரியும்? முதலாளியின் கை இந்த இடத்தில்தான் இறுகிக்கொள்கிறது.

தேருக்கு உண்டு, ராட்டினத்துக்கு?

நம் ஊரில் தேருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தேரோட்டத்துக்கு முன்னால் பொதுப்பணித் துறை என்ஜினீயர்கள் வந்து, சக்கரத்தையும் அச்சையும் பார்த்து, ஓடத் தகுதி உண்டு என்று சான்று தர வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றது. 1970-ல் மறுபடியும் ஓடியது. பின்னர் திருச்சி பெல் தொழிற்சாலை அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கும் தேர் அது. மரத்தை மாற்றினார்கள், சக்கரத்தை மாற்றினார்கள். "இது பழைய தேர் இல்லை" என்று திருவாரூரில் யாராவது சொல்வார்களா?

தேருக்குக் காட்டும் இந்த அக்கறையை ராட்டினத்துக்கும் காட்ட வேண்டும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ராட்டின விளையாட்டுகளுக்கு என்று தரம் வகுத்திருக்கிறது. விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சான்று எங்கே இருக்கிறது? அலுவலக அலமாரியில், கோப்புக்குள் இருக்கிறது. ராட்டினத்தில் ஏறுகிற பையன் அலமாரியில் ஏறவில்லையே!

அந்தச் சான்று ராட்டினத்தின் வாசலில் தொங்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வருஷம் செய்தது, கடைசியாகப் பிரித்துப் பார்த்த தேதி என்ன, பார்த்தவர் யார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பவை போதும். லாரிகளில் கூட "எப்.சி." தேதியை எழுதி வைக்கிறார்கள். செங்கல் ஏற்றுகிற வண்டிக்கு உள்ள மரியாதை பிள்ளைகளை ஏற்றுகிற வண்டிக்குக் கிடையாதா?

ராட்டினத்தை ஓட்டுகிற ஊழியரையும் மறந்து விடக் கூடாது. குறைந்த சம்பளத்தில், வெயிலில் நின்று, பொத்தானை அழுத்துகிறவர் அவர். வண்டியின் சத்தம் மாறினால் முதலில் அவர் காதுக்குத்தான் கேட்கும். "ஏதோ சரியில்லை" என்று அவர் நிறுத்தினால், முதலாளி அவர் கூலியைப் பிடிக்கக் கூடாது. வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடக் கூடாது.

ஆம், வரிசையில் நிற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "பழுது பார்ப்பதால் இன்று இயங்காது" என்று ஒரு பலகை தொங்கினால், "ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மூடி வைத்திருக்கிறானே!" என்று வைகிறார்கள். பணம் கொடுத்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். குறைத்துக்கொள்ள வேண்டிய கட்டணத்தைக் குறைத்துக் கேட்பது நியாயம். ஆனால் அந்தப் பூங்காவில் யாரோ ஒருவர் ராட்டினத்தைப் பிரித்துப் பார்க்கிறார் என்பதற்கு அந்தப் பலகைதானே சாட்சி? வருஷம் பூராவும் ஒரு நாள் கூட மூடாத ராட்டினம் என்றால், அதைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

பெரிய பூங்காவுக்கு என்ஜினீயர் இருப்பார், பட்டறை இருக்கும். பத்திரிகைக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். திருவிழா ராட்டினத்துக்கு அது எதுவும் கிடையாது. ஆனால் சோதனை அதற்குத்தான் அதிகம் தேவை. ஏனென்றால் அதை ஊருக்கு ஊர் பிரித்துப் பூட்டுகிறார்கள். ஒரு திருவிழாவில் சரியாக இருந்தது, அடுத்த ஊரில் அவசரமாகப் பூட்டும்போது ஒரு போல்ட் குறைந்து போகலாம். தரை மண் இளகி இருக்கலாம். அதனால் அதற்கு வருஷத்துக்கு ஒரு சான்று போதாது. ஒவ்வொரு ஊரிலும் பூட்டி முடித்த பிறகு ஒரு சோதனை வேண்டும். ராட்டினக்காரரைத் துரத்துவதற்காக அல்ல. அவரும் பிழைக்க வேண்டியவர்தான். அவருடைய பிள்ளையும் அதே ராட்டினத்தின் அடியில்தான் தூங்குகிறது. சோதிக்கும் செலவை அவர் தலையில் கட்டாமல், கடை ஏலத்தில் வசூல் செய்கிறவர்கள் ஏற்கலாம். திருவிழாக் கூட்டத்தால் வருகிற வருமானம்தானே அது!

காஞ்சிபுரத்தில் உற்சவம் முடிந்ததும் தேரை நிலையில் நிறுத்தி, தகரம் போட்டு மூடி விடுவார்கள். ராட்டினம் அப்படி நிற்பதில்லை. இரவோடு இரவாகப் பிரிப்பார்கள். சட்டங்கள் லாரியில் ஏறும். நட்டும் போல்ட்டும் ஒரு சாக்கில் விழும். அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கிளம்பி விடும். அந்தச் சாக்கோடு ஒரு நோட்டுப் புத்தகமும் போக வேண்டும். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பார்த்தார் என்று அதில் கையெழுத்து இருக்க வேண்டும். அடுத்த ஊரில் ஓர் ஆயா கேட்டால், ராட்டினக்காரர் சிரிக்க வேண்டியது இல்லை. நோட்டைத் திறந்து தேதியைக் காட்டலாம்.